அடைக்கோழியும் கூட்டுறவும்

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. தாயின் கால் பட்டுக் குஞ்சு சாவதில்லை என்பது முற்றிலும் உண்மை. எனினும் நம் ஊர்களில் பொரிக்கும் குஞ்சுகளுள் பல, எட்டு வாரம் நிறையும் முன்னரே மடிந்துபோகின்றன என்பதும் உண்மையே. இதற்குக் காரணம் யாது, இதில் சங்கம் செய்யத்தக்கது யாது என்பதை அங்கத்தினர்களாகிய அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

சென்னையில் நாம் குடியிருக்கும் மந்தைவெளி இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருங்கிய பகுதி. மாட்டு மந்தைகள் நின்ற வெளி அது என்பதற்குப் பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஆயினும் நம் தெருவின் கோடியில் பழைய ஓட்டு வீடு ஒன்றும், அதன் பின்புறம் இரண்டு தென்னை மரங்கள் நிற்கும் சிறு கொல்லையும் எஞ்சியுள்ளன. அங்கு வாழும் மூதாட்டி ஒருவர் நான்கைந்து நாட்டுக்கோழிகள் வளர்த்து வருகிறார். சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, அவர் கூடையில் மணல் பரப்பி முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு, இம்முறை எத்தனை பொரிக்கும் என்று கேட்டோம்.

“பொரிக்கிறதுக்கு என்ன தம்பி, பதினொண்ணு வச்சா ஒம்பது பொரிச்சிடும். போன தடவையும் ஒம்பதுதான். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ரெண்டே ரெண்டு நிக்குது. பூனை ரெண்டு, காக்கா ரெண்டு, மிச்சம் மூணு கழிச்சல்ல போச்சு.”

“தடுப்பு மருந்து போடவில்லையா அம்மா?” என்றோம்.

“கேட்டுப் பார்த்தேனே! நூறு கோழிக்கு உண்டான குப்பிதான் இருக்காம். திறந்தா அன்னிக்கே போட்டு முடிச்சிடணுமாம். என்கிட்ட இருக்கிறது ஒம்பது. மிச்சத்தை நான் என்ன பண்ணுறது?”

அம்மூதாட்டி கூட்டுறவு இயலைப் பயின்றவர் அல்லர். எனினும் கூட்டுறவு எதற்காகத் தோன்றியது என்னும் வினாவின் மையத்தை அவர் தொட்டுவிட்டார். ஒருவருக்குப் பெரிதாகவும், பலருக்கு அளவாகவும் இருக்கும் ஒரு பொருளைப் பலரும் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதே கூட்டுறவு. மந்தைவெளிக்கு அண்மையிலுள்ள திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும், அதே ஆண்டில் திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் பதிவானதும் இக்கருத்தின் வழியிலேயே ஆகும். மூட்டை அரிசிக்குப் பொருந்திய நியாயம் மருந்துக் குப்பிக்குப் பொருந்தாமற் போகுமோ?

அடை வைத்தல்

குஞ்சு பொரித்தலில் நம் பெண்மக்கள் தேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்ல நாம் முற்படவில்லை. காரணம் தெரிந்து செய்தால் பலன் மிகும் என்பதற்காகச் சிலவற்றை மட்டும் கூறுகிறோம்.

முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். கருவுக்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி. தாய்க்கோழி தன் உடலால் இவ்வெப்பத்தை அளிக்கிறது. நாளுக்குப் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டிக் கரு ஓட்டில் ஒட்டாமற் காக்கிறது. பொரிப்பான் இயந்திரம் செய்வதும் இவையே. மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் கலையை எகிப்து நாட்டார் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். ஆனால் பத்து முட்டைக்கு இயந்திரம் தேவையில்லை. நம் சிறுவிடைக் கோழியே போதிய இயந்திரம்; அதற்கு மின்சாரம் நின்றுபோவதும் இல்லை.

தவறு பெரும்பாலும் அடை வைக்கும் முன்னரே நேர்கிறது. ஏறத்தாழ 21 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் முட்டையினுள் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். நம் ஊர்களில் அறையின் சூடு ஆண்டு முழுவதும் பெரும்பாலும் இதற்கு மேற்பட்டதே. ஆகவே பரணில் பதினைந்து நாள் சேர்த்துவைத்த முட்டையினுள் கரு அரைகுறையாய் வளர்ந்து நலிந்திருக்கும். பின்னர் அது கூழ்முட்டையாகிவிட்டதென்று கோழியைக் குறை கூறுகிறோம். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானையில், கூர்முனை கீழாக முட்டைகளை வைத்து, இட்ட ஒரு வாரத்திற்குள் அடை வைத்துவிட வேண்டும். ஒரு கோழிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளுக்கு மேல் வைப்பது பேராசை. அதன் சிறகுக்கு வெளியே நிற்கும் முட்டை குளிர்ந்து கெடும்.

ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை முட்டையின் அகன்ற முனையில் பாய்ச்சினால், கரு கூடிய முட்டையில் சிலந்தி வலை போன்ற செந்நரம்புகள் தெரியும். தெளிவாகத் தோன்றுவது கருக் கூடாதது, அதை எடுத்துவிடலாம். இடி தாக்காதிருக்கக் கரித்துண்டும் இரும்பும் மிளகாய் வற்றலும் கூடையில் இடும் வழக்கத்தால் தீங்கொன்றுமில்லை. அவற்றோடு வேப்பிலையும் சிறிது சாம்பலும் இட்டால் பேனும் உண்ணியும் குறையும். தீனியும் நீரும் கூடைக்கு அருகிலேயே இருத்தல் நலம்.

பொரித்த பின்

ஓட்டை உடைக்கத் தாமதிக்கும் குஞ்சுக்கு இரங்கி, நாமே ஓட்டை உரித்துவிடுவது பலரும் செய்யும் பிழை. வெளிவருமுன் குஞ்சு மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதியைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கிறது. அதற்கு நேரம் வேண்டும். அவ்வாறு இழுத்த மஞ்சட்கருவே முதல் இரண்டு நாட்களுக்கு அதன் உணவு. ஒரு நாள் குஞ்சுகள் பெட்டியில் அடைபட்டுத் தீனியின்றி வெளியூர் செல்ல முடிவதும் இதனாலேயே.

குஞ்சுகளைத் தாயோடு விட்டால், கோழி மீண்டும் முட்டையிட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். குஞ்சுகளைப் பிரித்து விளக்கின் கீழ் வளர்த்தால் கோழி விரைவில் முட்டைக்குத் திரும்பும். ஆண்டில் ஓரிரு ஈடு கூடுதலாகக் கிடைக்கும். அவ்வாறு பிரிப்போர் முதல் வாரத்தில் 35 டிகிரி சூடு கொடுத்து, வாரந்தோறும் மூன்று டிகிரி வீதம் குறைத்துவர வேண்டும். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. இதற்கு இழை கொண்ட பழைய பல்பே வேண்டும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. குஞ்சுகள் விளக்கின் அடியில் மொய்த்தால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு ஓரங்களில் ஒதுங்கினால் சூடு மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் சரியான அளவு. வேறு அளவுகோல் தேவையில்லை.

தீனிக்கு அரிசிக் குருணையும் கம்பும் இருந்தாலும், வளரும் குஞ்சுக்குப் புரதம் இன்றியமையாதது. பழம்பானையில் நனைத்த வைக்கோல், சாணம், கிழிந்த சாக்கு ஆகியவற்றை அடைத்து, மாலையில் மண்ணின்மேல் கவிழ்த்துவைத்தால் விடியலில் கரையான் நிறைந்திருக்கும். செலவில்லாத தீனி இதனினும் சிறந்தது வேறில்லை.

நெசவாள அன்பர்களுக்கு ஒரு சொல். கஞ்சி தோய்ந்த பாவைத் தெருவில் விரித்ததும் கோழி அதன்மேல் ஏறிக் கொத்துவதும், அதனால் அண்டை வீட்டாரோடு சச்சரவு எழுவதும் நாம் அறியாதவை அல்ல. பாவோடும் நேரமாகிய காலை வேளையில் கோழிகளைக் கொல்லையில் அடைத்துவைக்க ஒரு மூங்கிற்கூடு வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பாவு உலராமலும், தறிக்குழியில் நீர் ஊறியும் வேலை நின்றுபோகும் நாட்களில், நாலு முட்டை விற்ற காசு அடுப்பெரிக்க உதவும் என்பதை எண்ணினால் அக்கூட்டின் செலவு பெரிதன்று.

கழிச்சல் நோய்

பூனையும் காக்கையும் ஒன்றிரண்டைக் கொண்டுபோகும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகள் அனைத்தையும் கொண்டுபோவது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். 1920-களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் அறியப்பட்டதால் இந்நாட்டில் அப்பெயர் பெற்றது. வெளிநாட்டார் இங்கிலாந்தின் நியூகாசில் நகரின் பெயரால் இதனை அழைக்கின்றனர். கோழி சிறகு தொங்கி நிற்கும். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும். வாய் திறந்து மூச்சு வாங்கும். சில கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

காக்கும் முறையும் கடினமானதன்று. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் லசோட்டா மருந்து குடிநீரில். எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஓர் ஊசி. குடிநீரில் கொடுக்கும்போது, பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்நீர் மருந்தைக் கொன்றுவிடும் என்பதை நகரத்தார் நினைவிற்கொள்க. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இம்மருந்தைத் தயாரித்து வருகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாக ஊசி போடுகிறது.

அவ்வாறாயின் குறை எங்குள்ளது? முகாமில் எட்டு வாரம் நிறைந்த கோழிகளுக்கே ஊசி போடப்படுகிறது. கோழியோ பிப்ரவரிக்காகக் காத்திராமல் ஆண்டு முழுவதும் அடை அமர்கிறது. சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த முகாம் வரை உயிரோடிருந்தாலன்றோ ஊசி பெறும்? இடைப்பட்ட காலத்திற்கு வேண்டிய சொட்டு மருந்தோ நூறு கோழிக்குக் குறையாத குப்பியில் வருகிறது. அதை 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் செலவிட வேண்டும். நாமக்கல் பண்ணைக்காரருக்கு இது ஒரு தடையன்று. ஆயிரக்கணக்கான கோழிகள் அவர் கூரையின் கீழ் உள்ளன. ஒன்பது குஞ்சு உடைய குடும்பத்திற்கோ இது தாண்டவியலாத மதில்.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 12 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்களோடு தமிழகம் நாட்டிலேயே முதலிடம் வகித்தது. அவற்றுள் பெரும்பகுதி பண்ணைக் கோழிகள். நாடு முழுவதிலும் புறக்கடைக் கோழிகள் மட்டும் 31 கோடிக்கு மேல் இருந்தன. அவற்றை வளர்ப்போருள் பலர் ஏழைப் பெண்கள். அறிவியல் ஈந்த பாதுகாப்பு முழுமையாகச் சென்றடையாதவர்களும் அவர்களே.

நமது தவறு

இங்கு ஒன்றை ஒளிக்காமற் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை நாம் ஆய்வு செய்தோம். பெண் அங்கத்தினர்களுக்குக் கோழிக்குஞ்சு வாங்கக் கடன் வழங்கப்பட்டிருந்தது. தவணை தவறாமல் முழுத்தொகையும் வசூலாகியிருந்தது. ‘கடன் முற்றிலும் வசூல், திட்டம் செவ்வனே நிறைவேறியுள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

புறப்படும் வேளையில் ஓர் அம்மையார் நம்மை நிறுத்தி, “சார், கோழி இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே” என்றார். விசாரித்தபோது, வாங்கிய குஞ்சுகளெல்லாம் மூன்றாம் மாதத்திலேயே கழிச்சலில் மடிந்தன என்பதும், தவணைப் பணம் நெசவுக் கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது என்பதும் தெரியவந்தன. பேரேட்டில் பிழை ஒன்றுமில்லை. இல்லாத கோழிக்காக அக்குடும்பங்கள் பல மாதம் கூலி இழந்தன என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. அதை எழுதும் கலம் அப்பேரேட்டில் இல்லை. கேட்டறியும் எண்ணம் நமக்கும் தோன்றவில்லை.

அன்று முதல் நாம் கொண்டுள்ள கருத்து இது: கோழிக் கடனின் வெற்றியை வழங்கிய குஞ்சுகளைக் கொண்டோ வசூலான தொகையைக் கொண்டோ அளக்கலாகாது, எட்டாம் வாரத்தில் உயிரோடு நிற்கும் கோழிகளைக் கொண்டே அளக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

முதலாவதாக, அடை வைக்கும் நாளை ஒன்றுபடுத்துக. ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே வாரத்தில் அடை வைத்தால் குஞ்சுகளின் ஏழாம் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பத்துப் பத்தாக வைத்தால் நூறு முட்டை. ஏறத்தாழ ஒரு குப்பியின் அளவு. முந்தி அடைக்கு வந்த கோழியை இரண்டொரு வெற்று முட்டைகளின்மேல் சில நாள் அமர்த்திவைத்தால், மற்றவை வரும்வரை அது கலையாமல் இருக்கும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை, பேச்சுத்தான் வேண்டும்.

இரண்டாவதாக, மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கும் பொறுப்பைச் சங்க அலுவலகம் ஏற்குக. பனிக்கட்டி இட்ட சிறு பெட்டியுடன் பயிற்சி பெற்ற அங்கத்தினர் ஒருவர் வீடு வீடாகச் செல்லட்டும். கால்நடை மருத்துவரிடம் இதற்குப் பயிற்சி பெறலாம். குஞ்சுகளை ஓரிடத்தில் கூட்டுவது தகாது. ஒரு வீட்டின் நோய் எல்லா வீட்டிற்கும் பரவ அதுவே வழியாகும்.

மூன்றாவதாக, அடைப் பதிவேடு ஒன்று வைக்குக. அடை வைத்த நாள், முட்டை, பொரித்த குஞ்சு, மருந்திட்ட நாள், எட்டாம் வாரத்தில் உள்ளவை என ஐந்து கலங்கள் போதும். ஒரு தெருவில் திடீரென இழப்பு மிகுந்தால் பதிவேடு உடனே காட்டிக்கொடுக்கும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபின், இத்தகைய செய்தி விரைந்து மருத்துவரை எட்டவேண்டிய அவசியத்தை விளக்கத் தேவையில்லை. நோயுற்ற கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், செத்ததை வாய்க்காலில் எறிவதும் அண்டை ஊருக்குச் செய்யும் கேடு. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை.

நான்காவதாக, இனத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. மந்தைவெளிக்கு அருகிலுள்ள நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நந்தனம் கோழி, ஐதராபாத்தில் உருவான வனராஜா போன்றவை நாட்டுக்கோழியினும் மிகுதியாக முட்டையிடுவன. ஆனால் முட்டைக்கென மேம்படுத்திய கோழிகளுக்கு அடைக் குணம் குறைவு. அவற்றை மட்டும் வாங்கி நாட்டுக்கோழியைக் கைவிட்டவர், ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பிறரை எதிர்பார்க்க நேரிடும். உயரினத்தின் முட்டையை நம் நாட்டுக்கோழியின் சிறகில் வைப்பதே இரண்டின் பயனையும் பெறும் வழி.

இரண்டு ஆட்சேபங்கள்

‘நூலும் உரமும் வழங்கும் சங்கம் கோழியின் கண்ணில் சொட்டு விடுவதா?’ என்பார் சிலர். கோழிக்குக் கடன் கொடுப்பது சங்கத்தின் வேலையாயின், அக்கோழியைச் சாவாமற் காப்பதும் அதன் வேலையே. துணைவிதிகளில் இடமில்லையெனில் பொதுக்குழு கூடித் திருத்தத்திற்கு வழி காணலாம். மத்தியப் பிரதேசத்தின் கேஸ்லாவில் பழங்குடிப் பெண்கள் குஞ்சும் தீனியும் மருந்தும் கூட்டாகப் பெற்றுக் கோழி வளர்த்துக் காட்டியுள்ளனர். அவர்கள் வளர்ப்பது இறைச்சிக் கோழி; நம்முடையது நாட்டுக்கோழி. வேறுபாடு இனத்தில்தான், முறையில் அன்று.

‘நாட்டுக்கோழிக்கு நோயே வராது’ என்பது மற்றோர் ஆட்சேபம். நாட்டுக்கோழி வெயிலையும் பசியையும் தாங்கும், கழிச்சலைத் தாங்குவதில்லை. ஆண்டுதோறும் காலியாகும் கூடைகளே இதற்குச் சான்று.

மருந்தினால் எல்லாக் குஞ்சும் பிழைக்கும் என்று நாம் கூறவில்லை. மந்தைவெளியில் இம்முறை அம்மூதாட்டியோடு அடுத்த சந்தில் உள்ள இரு குடும்பத்தார் சேர்ந்தனர். மூன்று அடைகள்; 31 குஞ்சுகள். ஒரு குப்பியை மூவரும் பகிர்ந்து வாங்கினர். மருந்தில் பாதிக்கு மேல் வீணாயிற்று. எட்டாம் வாரத்தில் எண்ணியபோது 19 நின்றன. பூனை தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஒரு மழை இரவில் நனைந்து சில இறந்தன. கழிச்சலில் ஒன்றும் போகவில்லை. “இன்னும் ஏழு வீடு இருந்தா மருந்து வீணாகாது தம்பி” என்றார் அவர். மந்தைவெளியில் அந்த ஏழு வீடுகளைத் தேடிப்பிடித்தல் அரிது. நம் நெசவாளர் தெருக்களிலும் விவசாயக் கிராமங்களிலும் அவை அருகருகே உள்ளன.

ஆகவே அன்பர்களே, அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அடைப் பதிவேட்டையும் மருந்துப் பெட்டியையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு செயலாளரைக் கேளுங்கள். எம்மைப் போன்ற ஆய்வாளர் வரும்போது பேரேட்டோடு அப்பதிவேட்டையும் முன்வையுங்கள். அவர் கேட்க மறந்தால், அன்று அந்த அம்மையார் செய்ததைப்போல நீங்களே நிறுத்திச் சொல்லுங்கள்.